பாடமாக்கிய ஊர்

எங்கள் ஊரில் கல்லால் கட்டிய ஒரு துறைமுகம் இருக்கிறது என்பது எனக்கு முப்பத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவும் பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஒரு நாலாம் மாடிச் சமையலறையில் வைத்து. துறைமுகத்தில் இறங்கப் பதினொரு படிகளாம். மேற்படியில் ஒரு வெண்கல மணியாம். மணிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல்லாம். கடலில் செத்த பத்தொன்பது பேரின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கிறதாம்.

"ஐயா, இது எங்கட ஊர் இல்லை," என்றேன்.

லூர்துசாமி ஐயா வாசிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இல்லதான். அதுக்கென்ன இப்போ?"

"எங்கட ஊரிலை துறைமுகமே இல்லை. மணலிலைதான் வள்ளத்தை இழுத்து விடுறது. மணியுமில்லை, கல்லுமில்லை. இருக்கிறது ஒரு வைரவர் கோயில், ஒரு சங்கக்கடை, கருவாடு காயப்போடுற வெளி. வேறை ஒண்டுமில்லை."

"இத நீ எங்கிட்ட சொன்னியா? எட்டு மாசம் முன்ன இதே நாற்காலியில உக்காந்து என்ன சொன்ன? ஊரு ஆலடிமுனை, கடல்தொழில், சுட்டாங்க, மச்சான் செத்துட்டான், வந்துட்டேன். அவ்வளவுதான். மேல கேட்டா தலைய குனிஞ்சுக்கிட்ட. அத வெச்சு நான் என்னத்த எழுதறது? மொத கேஸ் எதனால தோத்துது? விவரம் போதலன்னுதான? அதான் விவரம் போட்டேன்."

லூர்துசாமி ஐயா புதுச்சேரிக்காரர். முப்பது வருடம் பாரிஸ் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லா சப்பல் பகுதியில் இருந்து அகதி விண்ணப்பம் போட்ட எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அவர்தான் கேஸ் எழுதினார். ஏன் நாட்டைவிட்டு வந்தாய், திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும் என்பதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பெயர்தான் கேஸ். என் முதல் கேசை அறையில் கூட இருந்த ஒருவன் அரைகுறைப் பிரெஞ்சில் ஆறு வரியில் எழுதினான். ஆறு வரியிலேயே மறுத்துப் பதில் வந்தது. பிறகு மேன்முறையீட்டுக்கு லூர்துசாமி ஐயா நாலு பக்கம் எழுதி அனுப்பினார். நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்குத் திகதி வந்தபிறகு கேசைத் தமிழில் வாசித்துக் காட்டுவார், அதை நாங்கள் சொல்லுக்குச் சொல் பாடமாக்கவேண்டும். லா சப்பல் வழக்கம் அதுதான். தாளில் ஒன்றும் வாயில் வேறொன்றும் வந்தால் ஆள் பொய்யன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு விசாரணை திங்கட்கிழமை. வாசிப்பு நடந்தது அதற்கு முந்திய புதன்கிழமை.

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பழைய பிரெஞ்சு மாத இதழை எடுத்துப் போட்டார். நடுப்பக்கத்தில் ஒரு படம். சாம்பல் நிறக் கடல், கறுப்புப் பாறை, கல் துறைமுகம், கவிழ்த்து வைத்த தார் பூசிய தோணிகள்.

"இர்லாந்த், அதான் அயர்லாந்து. கில்னாரான்னு ஒரு மீனவக் கிராமம். நூத்தி அம்பது வருஷ சரித்திரம் இருக்கு. அங்கயும் மீன்தான், இங்கயும் மீன்தான். நான் ஒண்ணும் அப்படியே காப்பி அடிக்கல. அவங்க ஹெர்ரிங் மீன பீப்பாயில உப்பு போடுவாங்க, நான் சாளைன்னு மாத்தினேன். சிவப்பு முடிப் பொண்ணு எதிர்ல வந்தா கடலுக்குப் போக மாட்டாங்களாம், அத விதவைன்னு மாத்தினேன். மூளை இல்லாமலா செய்யறேன்?"

எனக்கு அவரைக் கழுத்தில் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்காது. அது பயம்.

பயப்படாமல் என்ன செய்வது? அது எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் என் மனைவி யோகராணியும் மகள் பூரணியும் இரண்டு வருடமாக இருக்கிறார்கள். எனக்கு அகதிக் கார்ட் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். திங்கட்கிழமை தோற்றால் இனிமேல் தட்டுவதற்குக் கதவில்லை. ஒரு மாதத்துக்குள் வெளியேறு என்று கடிதம் வரும். வெளியேறி எங்கே போவது? வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றுத்தான் மொஸ்கோ, பெர்லின் என்று சுற்றி இங்கே வந்தேன்.

"மாத்தி எழுதேலாதே ஐயா?"

"பேப்பர் எட்டு மாசமா அவங்க கையில இருக்கு. இனிமே பேப்பரத் தான் நம்பணும். நீதான் அதுக்கு ஏத்த மாதிரி மாறணும்." பிறகு குரலைத் தணித்தார். "தவரத்தினம், பயப்படாத. கவனமா கேளு. இருக்கறதுலயே நல்ல விவரம் கடைசிப் பக்கத்துல இருக்கு. யாரும் கற்பனை பண்ண முடியாத விவரம்."

வாசித்தார். "எங்கள் ஊரில் கடலில் விழுந்தவனைத் தூக்குவதில்லை. கடல் தனக்கென்று எடுத்ததை ஒருவன் பறித்தால், பறித்தவனையோ அவன் பிள்ளையையோ அது பதிலுக்கு எடுக்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. ஆகவே என் மச்சான் தண்ணீரில் இருந்தபோது…"

"இது ஏன்?" என்றேன்.

"மச்சான் செத்தான்னு சொன்ன. நீ பொழச்சு வந்திருக்க. நீ ஏன் காப்பாத்தலன்னு கேப்பாங்களா இல்லையா? பதில் வேணும்ல?"

நான் இதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். இவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, இந்த மனிதர் யாரோ ஒரு நாட்டின் படப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய வரி நேராக என்னிடமே வந்து நின்றுவிட்டது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான் வேலை செய்த உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே பாடமாக்கினேன். பதினொரு படிகள். வெண்கல மணி. பஞ்சம் வந்த காலத்தில் ஊராருக்குக் கூலியாகக் கஞ்சி கொடுத்துக் கட்டிய துறைமுகம். ஆவணி நடுவில் வள்ளங்களுக்குப் பூசை. பத்தொன்பது பெயர்கள். பெண்கள் பின்னும் கம்பளிச் சட்டையில் குடும்பத்துக்கு ஒரு பின்னல், கரையொதுங்கும் உடலைச் சட்டையை வைத்து அடையாளம் காண்பார்களாம். அதை லூர்துசாமி ஐயா ஆண்கள் உடுத்தும் சாரத்தின் கரை என்று மாற்றியிருந்தார். மனுசன் எதையும் விட்டுவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லா சப்பல் மெத்ரோப் படியில் பொலிஸ் மறித்துக் கார்ட் கேட்டது. கொந்திறோல். முன்னால் நின்ற இரண்டு பேரைச் சுவரோடு நிறுத்தினார்கள். என்னிடம் இருந்தது மேன்முறையீடு போட்டதற்கான துண்டு மட்டும், அதுவும் மடித்து மடித்துக் கிழியும் நிலையில். பொலிஸ்காரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எங்கே பிறந்தாய் என்று கேட்டான். எனக்கு வாயில் வந்தது பதினொரு படிகள்தான். ஆலடிமுனை என்ற பெயர் வர மூன்று தடவை எச்சில் விழுங்கவேண்டியிருந்தது. அவன் துண்டைத் திருப்பித் தந்தான். கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

உண்மையைச் சொன்னால், அந்த நாலு நாளில் எனக்குக் கில்னாராவைப் பிடித்துப்போயிற்று. படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அருமையான ஊர்! தண்ணீரில் கிடப்பவனை விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். ஒருவரும் கேட்கமாட்டார்கள். மனைவி சோறு போடுவாள். கடல் எடுத்தது, அவ்வளவுதான். அந்த ஊரில் பிறந்திருந்தால் நான் இரவில் திடுக்கிட்டு எழும்பமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கேசைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதாக ஒப்புவித்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

திங்கட்கிழமை மேன்முறையீட்டுக் கொமிசியோனின் விசாரணை அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவி, கழுத்தில் சால்வை. வலப்பக்கம் ஒரு இளைஞர், அவர் எழுதிக்கொண்டே இருந்தார். இடப்பக்கம் ஒரு முதியவர், மொட்டைத் தலை, பெரிய கைகள். என் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பியட்றிஸ், புதுச்சேரிப் பெண், நாற்பது வயதிருக்கும்.

"நிதானமா பேசுங்க. நீங்க சொல்றத அப்படியே சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்," என்று தொடங்குமுன்னரே சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

தலைவி ஊரைப்பற்றிக் கேட்டார். ஒப்புவித்தேன். துறைமுகம், படி, மணி, கருங்கல், சாரத்தின் கரை. இளைஞர் தாளில் விரலை ஓட்டி ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். எல்லாம் பொருந்தியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப்பார்த்தது. இன்னும் பத்து நிமிடம், பிறகு வெளியே போய்விடலாம்.

அப்போதுதான் முதியவர் வாய் திறந்தார். பியட்றிஸ் என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"அவர் பிரான்ஸ்லயே பிறெத்தாஞ் கடற்கரைக்காரராம். அவங்க தாத்தாவும் மீன் பிடிச்சவராம். தண்ணியில விழுந்தவன தூக்கக் கூடாதுங்கற நம்பிக்கை அவங்க பக்கத்துலயும் வயசானவங்க சொல்லிக் கேட்டிருக்காராம். அது இவ்வளவு தூரத்துல உங்க ஊர்லயும் இருக்கறது ஆச்சரியம்ங்கறாரு."

நான் தலையாட்டினேன்.

"கேக்கறதுக்கு மன்னிக்கணும்ங்கறாரு. உங்க மச்சான் தண்ணியில இருந்தப்போ உயிரோடதான் இருந்தாரா? அந்த நம்பிக்கையாலதான் நீங்க அவர தூக்கலயா?"

முதியவர் என்னைக் கடுமையாகப் பார்க்கவில்லை. இரக்கமாகத்தான் பார்த்தார். தத்தளிக்கிறவனுக்குக் கயிறு எறிகிற மாதிரித்தான் கேள்வியை எறிந்தார். நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேஸ் பொருந்தும், கார்ட் வரும், யோகராணியும் பிள்ளையும் வருவார்கள். அதோடு, நான் செய்தது என் குற்றமாகவும் இருக்காது. ஊரின் குற்றமாகிவிடும்.

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கை நடுங்குவது நின்றுவிட்டது.

"இல்லை," என்றேன். "எங்கட ஊரிலை அப்பிடி ஒரு நம்பிக்கையும் இல்லை. எங்கட ஊரிலை ஒருத்தனும் ஒருத்தனைத் தண்ணியிலை விட்டிட்டு வரமாட்டான். நான்தான் விட்டிட்டு வந்தனான்."

பியட்றிஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னபடியே கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். எழுதிக்கொண்டிருந்த இளைஞரின் பேனா நின்றது. தலைவி நாலு பக்கக் கேசைத் தூக்கிக் காட்டி, அப்படியானால் இது என்ன என்றார்.

"அது வேறை ஊர். இர்லாந்திலை இருக்கு. படிகளும் மணியும் எங்கட இல்லை. நான் வாய் திறக்கேல்லை, அதாலை எழுதினவர் வேறை ஊரை எடுத்துப் போட்டிட்டார். பிழை என்ரை."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எழும்பவேண்டுமா இருக்கவேண்டுமா என்று தெரியவில்லை. முதியவர்தான் பெரிய கையை மேசையில் வைத்து ஏதோ சொன்னார்.

"அப்போ உங்க ஊரச் சொல்லுங்கங்கறாரு," என்றார் பியட்றிஸ்.

சொன்னேன். இரண்டு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை அந்த மூன்று வெள்ளைக்காரருக்கும் சொன்னேன்.

ஆலடிமுனையில் அன்று காலை ஆறரை மணியிருக்கும். வள்ளத்தில் நானும் மச்சான் குலநாயகமும் மட்டும். குலநாயகம் யோகராணியின் அண்ணன், எனக்கு எஞ்சின் ஓட்டப் பழக்கியவன். வலை வாங்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் விசிறியில் வலை சுற்றிவிட்டது. "நீ இரு, நான் பாக்கிறன்," என்று அவன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான். அவன் கீழே போனதும் நான் ஒரு பீடியைப் பற்றவைத்து, நெருப்புப்பெட்டியைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டேன். பீடி பாதி முடியுமுன் தெற்கில் நேவியின் ரோந்துப் படகு தெரிந்தது. வெடிச்சத்தம் கேட்டது. ஒரு சூடு வள்ளத்தின் முன்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.

அந்த நேரத்தில் குலநாயகம் மேலே வந்தான். வள்ளத்திலிருந்து இருபது யார் தூரம் தள்ளி. கையைத் தூக்கிக் காட்டினான். அறுத்தாயிற்று, எஞ்சினைப் போடு என்று அர்த்தம். போட்டேன். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது, ஏனென்றால் அவன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். வள்ளத்தின் தலையை அவன் பக்கம் திருப்பவேண்டும். நான் கரைப்பக்கம் திருப்பினேன்.

"அவர் கூப்பிட்டாரா?" என்று தலைவி கேட்டார்.

"ஓம். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். நாலு தரம். நான் திரும்பிப் பாக்கேல்லை. எனக்குப் பயம்."

பியட்றிசின் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் தளம்பியது.

கரைக்கு வந்து பொய் சொன்னேன். மச்சானுக்குச் சூடு பட்டுவிட்டது, மூன்று தரம் சுழியோடித் தேடினேன், கிடைக்கவில்லை என்றேன். ஊர் என்ன செய்தது தெரியுமா? ஒருவன் காணாமல் போனால் எங்கள் ஊரில் மூன்று நாள் ஒருவரும் வலை போடமாட்டார்கள். இருக்கிற வள்ளமெல்லாம் தேடப் போகும். அவனோடு சண்டை பிடித்தவன் வள்ளமும் போகும். அன்றும் முப்பத்தாறு வள்ளங்கள், ரோந்துப் படகு நிற்கிற கடலுக்குள், மூன்று நாளும் போய்வந்தன. மறுநாளிலிருந்து நானும் போனேன். பக்கத்து வள்ளத்தில் இருந்தவர்கள் எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். பாவம், மச்சானுக்காக எவ்வளவு பாடுபட்டவன் என்று முதுகைத் தடவினார்கள். உடல் கிடைக்கவேயில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் யோகராணி அண்ணனின் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தினாள்.

"இதுதான் எங்கட ஊர். அதிலை எழுதினமாதிரி ஊர் இல்லை," என்று முடித்தேன்.

வெளியே வந்து லூர்துசாமி ஐயா வீட்டுக்குப் போய், முதியவரின் கேள்விக்கு இல்லை என்றதைச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கெடுத்தியே! ஒரு ‘உய்’, ஆமான்னு ஒரு வார்த்தை, சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. எதுக்குய்யா உனக்கு இந்த வேல?" என்று சத்தம் போட்டார். பிறகு நான் அழுவதைக் கண்டு, அடுப்பில் கோப்பித் தண்ணீர் வைத்தார். குலநாயகத்தைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முடிவுக்குக் காத்திருந்த நாட்கள் மோசமானவை. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் இதழைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பத்தொன்பது பேரும் எப்படிச் செத்தார்கள் என்று சும்மாதான் கேட்டேன். கேசில் அந்தப் பகுதி இல்லை.

அவர் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தைமாதக் காற்றில், கில்னாராவுக்கு வெளியே ஒரு அந்நியக் கப்பல் பாறையில் ஏறிவிட்டது. யாருடைய கப்பல் என்றுகூட ஊருக்குத் தெரியாது. மணி அடித்திருக்கிறார்கள். கடலில் விழுந்தவனைத் தூக்காதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்த அதே ஊரிலிருந்து மூன்று தோணிகள் போயிருக்கின்றன. கப்பல்காரர் ஏழு பேரைக் கரைசேர்த்துவிட்டுத் திரும்பவும் போனவர்கள் வரவில்லை. கல்லில் இருப்பது அவர்களுடைய பெயர்கள். இப்போது அங்கே உயிர்காக்கும் படகு ஒன்று எந்த நேரமும் தயாராக நிற்கிறதாம்.

"இத நான் எழுதல. இடம் போதல," என்றார் லூர்துசாமி ஐயா.

எனக்கிருந்த கடைசிச் சாட்டும் போயிற்று. கில்னாராவிலும் எனக்கு இடமில்லை.

சித்திரை மாதம் பதிவுத்தபால் வந்தது. பிரிக்கப் பயந்து, பிரிக்காமலே ரூ பிலிப்-து-ஜிராருக்கு ஓடினேன். லூர்துசாமி ஐயா வாசித்து, எழுந்து, என்னைக் கட்டிப்பிடித்தார். அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பதாரர் தனக்குப் பாதகமான உண்மையைத் தானாகவே சொன்னதால் அவருடைய வாக்குமூலம் நம்பத்தக்கது என்று எழுதியிருந்ததாம்.

"சரி, இப்ப வீட்டம்மா விசா," என்றார். சந்தோசத்தில் மேசையைத் தட்டினார். "கொழும்பு எம்பசியில அவங்கள கூப்பிட்டு விசாரிப்பாங்க. நீ கொமிசியோன்ல சொன்னதையும் அவங்க சொல்றதையும் வெச்சுப் பாப்பாங்க. மாறினா ரெண்டு பேரும் பொய்னு ஆயிடும். அதனால நீ இங்க என்ன சொன்னியோ, ஒண்ணு விடாம அவங்களுக்கு எழுதிப் போடு. பாடமாக்கச் சொல்லு."

மூன்று வெள்ளைக்காரருக்குச் சொன்னது பெரிதில்லை. அவர்கள் யாரோ. யோகராணிக்கு நான் சுழியோடித் தேடினேன் என்றுதான் தெரியும். என் அண்ணனுக்காக உயிரைக் கொடுக்கப் பார்த்த மனிசன் என்றுதான் அவள் லொட்ஜில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போது அவளே அதைப் பாடமாக்கவேண்டும். அவன் நாலு தரம் கூப்பிட்டான், நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அவள் வாயால், எம்பசியில், ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கவேண்டும்.

எட்டு நாளாக எழுதினேன். ஏழு கடிதம் கிழித்தேன். எட்டாவதில் பீடி பற்றவைத்ததிலிருந்து கரைப்பக்கம் திருப்பியதுவரை எல்லாவற்றையும் வைத்தேன். கடைசியில், நீ வராவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று எழுதினேன். மஞ்சள் தபால்பெட்டிக்குள் கையை விட்டுக் கடிதத்தைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் வந்த கிழவி ஒருத்தி பிரெஞ்சில் ஏசினாள். விட்டுவிட்டேன்.

ஏழு வாரம் பதில் இல்லை. வேலையில் கோப்பைகள் உடைந்தன. அவளுக்கு ஏதேனும் ஆயிற்றோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாளோ, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளோ என்று நினைத்து நினைத்து உடம்பு பாதியாகிவிட்டது. முப்பத்தாறு வள்ளக்காரரும் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பதாகக் கனவு வந்தது.

ஆடி மாதம் கொழும்பிலிருந்து நீல விமானக் கடிதம் வந்தது. அறையில் வாசிக்கத் தைரியம் வரவில்லை. கொண்டுபோய் லா சப்பல் மெத்ரோப் படியில், ஆள் நடமாட்டத்துக்குள், குந்தியிருந்து பிரித்தேன்.

"அன்புள்ள அத்தானுக்கு,

போன செவ்வாய்க்கிழமை எம்பசியிலை கூப்பிட்டு விசாரிச்சவை. நீங்கள் எழுதினபடியே எல்லாம் சொன்னன். விசா தாறம் எண்டு சொல்லியிருக்கினம். பூரணிக்கு இருமல் சுகமாய்ப்போச்சு. அங்கை குளிர் எண்டு எல்லாரும் சொல்லுகினம், அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வையுங்கோ.

நீங்கள் எழுதினதை வாசிச்சு நான் புதுசாய் அழேல்லை. நீங்கள் தனியக் கரைக்கு வந்த அண்டைக்குப் பின்னேரம் உங்கட சேட்டைத் தோய்க்க எடுத்தனான். பொக்கற்றுக்குள்ளை நெருப்புப்பெட்டி கிடந்தது. ஒரு குச்சியும் நனையேல்லை. மூண்டு தரம் சுழியோடின ஆளின்ரை நெருப்புப்பெட்டி.

மூண்டாம் நாள் அண்ணாவுக்கு அந்தப் பெட்டியாலைதான் விளக்குக் கொளுத்தினன். நீங்கள் பக்கத்திலைதான் நிண்டனீங்கள். எப்ப சொல்லுவியள் எண்டு அண்டு துவக்கம் பாத்துக்கொண்டிருந்தன். நாங்கள் வாறம்.

யோகராணி"

இரண்டாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே நிழல் விழுந்தது. கொந்திறோல். எழுந்து, புதுக் கார்டை எடுத்து நீட்டினேன். பொலிஸ்காரன் கார்டைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், மறுபடி கார்டைத் திருப்பிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று கேட்டான்.

ஆடி மாத வெயில் படி முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. குளிர் என்றேன்.